பச்சைத் துணிக்கு அடியில்

அன்பு மகளுக்கு,

அம்மா நலம். முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

மாப்பிள்ளை குடும்பக் குழுவில் போட்ட படத்தைப் பார்த்தேன். அடுத்த வாரம் உனக்குச் செய்யப்போவதைப் போலவே, யாரோ ஒருத்தியின் வயிற்றைத் திறந்து உள்ளிருக்கும் குழந்தையின் முதுகிலுள்ள பிளவைத் தைக்கிறார்கள். வெளியே தெரிந்த அந்தக் குட்டிக் கையைப் பார்த்து உன் நாத்தனார் அழுதாளாம். சாப்பாட்டு வேளையில் என் போனை எட்டிப் பார்த்த, என்னோடு வேலை செய்யும் தையல் கூடத்துப் பெண்களும், “அய்யோ, செல்லக்குட்டி! விரலைப் பாருங்கம்மா!” என்று உருகினார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஆஸ்பத்திரிக்கு இந்தப் பச்சைத் துணியை நாமதானே தைக்கிறோம்? நடுவுல சதுரமா வெட்டி விடுறோமே, அதுக்கு அடியில யாருடி படுத்திருக்கா?” என்று கத்திவிட்டேன். கான்வென்ட்டில் படித்தவள் இப்படிக் கத்தலாமா என்று நீ சிரிப்பாய்.

குழுவில் அத்தனை பேரும் பிள்ளையைப் பற்றியே கேட்டார்கள். உன்னைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். பயமாக இருக்கிறதா, கண்ணு?

போன தடவை வந்தபோது உன் அலமாரியில் விட்டுவந்த என் பழைய மூக்குக்கண்ணாடி இருக்கும், அனுப்பு. கூடவே உன் படம் ஒன்று. வயிறு வேண்டாம், முகம் தெரியட்டும். வேலைக்கு மணி அடித்துவிட்டது, போகிறேன்.

அம்மா