உன் தட்டில் விழுந்த வெண்ணெய்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ நலமா என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை, நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. உன்னோடு வேலை பார்க்கிற அந்த நெட்டைப் பையன் போன மாதம் போன் செய்தான் பார், உன் ரத்தம் என்ன வகை என்று கேட்கத்தான் செய்தான், எனக்கு ஏற்கெனவே விஷயம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். ஏதோ ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில், லிப்ட் மெஷின் அறையில், கண் இருட்டி விழுந்து நெற்றியில் தையல் போட்டிருக்கிறது உனக்கு. தையல் துணிக்குப் போடுவது என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். உடனே உன்னைக் கூப்பிட்டால் நீ என்ன சொன்னாய், “ஒண்ணுமில்லம்மா, லேசாக் கண்ணைக் கட்டிச்சு, போற ஊர்ல எல்லாம் எனக்குச் சாப்பிட ஒண்ணும் கிடைக்கறதில்ல, நான்தான் வீகனாச்சே” என்றாய். ரொட்டி, உருளைக்கிழங்கு சிப்ஸ், பால் இல்லாத டீ, இதுதான் உன் ஆகாரம் என்று உன் வாயாலேயே வந்தது. மேலே பேசப் போனால் “சரிம்மா, சரிம்மா” என்று வெட்டிவிட்டாய். அதனால்தான் கடிதம். காகிதத்தை உன்னால் நடுவில் வெட்ட முடியாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நீ பாலையும் முட்டையையும் விட்டதில் எனக்குக் கவலை இருந்தது உண்டு, கோபம் இருந்ததில்லை. கன்றுக்குட்டிகளை ஏற்றிய லாரிக்குப் பின்னால் உன் வண்டி மாட்டிக்கொண்டு நின்ற அன்று எடுத்த முடிவு என்று நீ சொன்னபோது தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. என் கோபம் வேறு. ஊர் ஊராகப் போய் லிப்ட் சோதிக்கிற வேலை உனக்கு, நீ சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் ஜனங்கள் அதில் ஏறுகிறார்கள், அப்படிப்பட்டவள் வெறும் வயிற்றோடு பத்து மாடி உயரத்தில் நிற்கிறாளே என்றுதான் வயிறு எரிந்தது. உனக்கு உண்மையிலேயே எதுவும் கிடைக்கவில்லையா, இல்லை வாயைத் திறந்து கேட்கக் கூச்சமா, இது எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

அந்தச் சமயம் பார்த்து வெளியூரில் இருக்கிற உன் மாமாவுக்கு, என் தம்பிக்கு, கண் ஆபரேஷன் வந்தது. நான், அப்பா, அத்தை, மூன்று பேரும் ரயிலில் போனோம். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே முடிவு செய்துவிட்டேன், திரும்பி வருகிறவரை நீ தொடாத எதையும் நானும் தொடுவதில்லை என்று. அப்பாவிடம் சொன்னேன், சிரித்தார். “ரெண்டு வேளை தாங்க மாட்ட” என்றார். ரயிலில் சாப்பாடு கொண்டு வந்தவனிடம் பால் சேராதது எது என்று கேட்டால், “எல்லாமே சைவம்தாங்க, வெறும் சீஸ்தான்” என்கிறான். அவனுக்குச் சைவம் என்றால் கறி இல்லை, அவ்வளவுதான். வீகன் என்று சொல்லிப் பார்த்தேன், ஏதோ மருந்தின் பெயரைச் சொன்னது போல முழித்தான். இறங்கி, ஆஸ்பத்திரிக்கு எதிரில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். கீழே சாப்பாட்டுக் கடையில் காய்கறி சூப்பில் என்னென்ன போடுவீர்கள் என்று கேட்டேன். பரிமாறுகிறவர் என்னைப் பார்க்காமலே மேசையைத் துடைத்துக்கொண்டு, “வெண்ணெய் கொஞ்சூண்டுதாம்மா, இருக்கறதே தெரியாது” என்றார். தெரியாது என்றால் எதற்குப் போடுகிறீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது, பின்னால் ஆட்கள் நின்றார்கள், கேட்கவில்லை. அன்றைக்கு முழுக்க எனக்கு ரொட்டியும் வாழைப்பழமும்தான். சாயங்காலத்துக்குள் தலை விண் விண் என்று தெறித்தது, ஜன்னலைச் சாத்துவதா திறப்பதா என்று அப்பாவோடு சண்டை. நீ எப்படி இதை மாதக்கணக்கில் இழுக்கிறாய் என்று அப்போது உன்மேல் இரக்கமாகத்தான் இருந்தது. அந்த இரக்கம் மறுநாள் மத்தியானத்தோடு சரி.

மறுநாள் எனக்குப் பொறுக்கவில்லை, கடையின் பின்பக்கமாகப் போய் நேரே அடுப்படியில் நின்றேன். சமையல்காரம்மா ஆள் வாட்டசாட்டமாக, இரண்டு கையிலும் சூட்டுத் தழும்போடு இருந்தாள். “கூட்ட நேரத்துல வந்து இதைக் கேக்கறீங்களே, கண்ணு தெரியலயா” என்று கத்தினாள். கூட்டம் எப்போது குறையும் என்று கேட்டு, அந்த நேரத்துக்கு மறுபடி போனேன். இப்போது உட்கார முக்காலி போட்டாள். வீகன் கீகன் ஒன்றும் சொல்லவில்லை நான், பால், தயிர், வெண்ணெய், சீஸ், முட்டை, தேன், கறி, மீன், இத்தனையும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். “எண்ணெய் ஆகும்ல, பயறு ஆகும்ல, அப்புறம் என்ன” என்று கேட்டுவிட்டு, ஞாபக மறதியில் தயிரை எடுத்து, நான் கையைப் பிடித்ததும் சிரித்துவிட்டு வைத்தாள். வெள்ளை பீன்ஸை வெங்காயம் தக்காளியோடு குழைய வேகவிட்டாள், கீரையைப் பூண்டு போட்டு வதக்கினாள், உருளைக்கிழங்கை எண்ணெயில் சிவக்கச் சிவக்க வறுத்தாள், சோற்றின் மேல் வேர்க்கடலையை இடித்துத் தூவினாள். வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டேன். உன்னைப் போலச் சாப்பிடுகிறவர்கள் வேறு யாராவது வருவார்களா என்று கேட்டதற்கு, “வருவாங்க, தட்டைத் தள்ளி வச்சிட்டு மூஞ்சியத் தூக்கிட்டுப் போயிடுவாங்க, வாயத் திறந்து கேட்டாத்தானே” என்றாள். அங்கேயே உன் முகம்தான் எனக்குத் தெரிந்தது. தட்டைத் தள்ளி வைக்கிற மகராசி. லிப்ட் ஓடவில்லை என்றால் கட்டட முதலாளியையே நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறாய், அரைத் தட்டு பீன்ஸ் கேட்க உனக்கு நா எழவில்லை.

இனிமேல் இப்படிச் செய். எந்த ஊருக்குப் போனாலும் அறை எடுக்கும்போதே போனில் கேள், அடுப்படி ஆளோடு பேச வேண்டும் என்று சொல். கூட்டம் இல்லாத நேரத்தில் போ. வறுத்த கடலையும் கொண்டைக்கடலையும் பையில் எப்போதும் இருக்கட்டும். காலையில் ஒரு டப்பாவில் பயறை ஊறப்போட்டுவிட்டு வேலைக்குப் போ, சின்ன கரண்ட் குக்கர் ஒன்று வாங்கு, சாயங்காலம் அறையிலேயே வெந்துவிடும். அப்புறம் மாமாவின் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மாவை வழிமறித்து உன் விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் கேட்டதே, “பி12 மாத்திரை போடறாங்களா” என்பதுதான். கீரையும் பருப்பும் கூடை கூடையாகத் தின்றாலும் அது அதில் வராதாம், மாத்திரையோ ஊசியோ போட்டே ஆக வேண்டுமாம், ரத்தத்தைச் சோதிக்காமல் தலைசுற்றலைச் சும்மா விடக்கூடாதாம். நீ போடுகிறாயா இல்லையா, எனக்குப் பதில் வேண்டும்.

இதுவரை எழுதியது உன் மேல் உள்ள கோபம். இனி எழுதப்போவது வேறு. இதை உட்கார்ந்து படி.

மாமாவை அவன் வீட்டுக்கு அழைத்து வந்த அன்று அத்தைதான் சமையல் செய்தாள். நான் என்ன சாப்பிடுகிறேன் என்பது அதற்குள் அவளுக்குத் தெரியும், அடுப்படியில் நின்று, வெண்ணெய் போடலையே என்று கேட்டேன், “போடல அண்ணி, போய் உக்காருங்க” என்றாள். பீன்ஸ் கறி நன்றாக இருந்தது, இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன். நான் தட்டை வழிக்கிறவரை காத்திருந்துவிட்டு எப்படி இருந்தது என்று கேட்டாள். நன்றாக இருந்தது என்றேன். “வெண்ணெய் இல்லாம இந்த ருசி வருமா, ஒரு கட்டி முழுசாப் போட்டேன், செத்தா போயிட்டீங்க” என்று சிரித்தாள். கண்ணில் கட்டோடு மாமா சிரித்தான். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவளுக்கு உற்சாகம் வந்து இன்னொன்றும் சொன்னாள், “உங்க பொண்ணுக்கும் இதே கதைதான், வர்றப்பெல்லாம் போட்டுத்தான் குடுக்கறேன், அத்தை கையால சாப்பிட்டாத்தான் வயிறு நெறையுதுன்னு அவளே சொல்றாளே.” நான் அவள் பக்கம் திரும்பினேன். “ஏன், அண்ணனுக்குத் தெரியுமே” என்றாள். அப்பாவின் சிரிப்பு நின்றது. சோற்றை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே இருந்தார், தலை நிமிரவில்லை.

நீ வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் தையல் கூடத்தில் சீருடைக்குத் துணி வெட்டிக்கொண்டிருப்பேன், பக்கத்துத் தெருவிலிருந்து அத்தை வந்து உனக்குச் சமைத்துப் போடுகிறாளே என்று நன்றியோடு இருந்தேன். மகளே, நான் வெண்ணெய் தின்னாதவள் இல்லை, நம் வீட்டில் தினமும் தின்கிறவள்தான். ஆனாலும் அன்று உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. போடவில்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்ன வாய் அது. நான் எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்து, நீ என் வயிற்றை நிரப்பவில்லை, என்னை முட்டாளாக்கியிருக்கிறாய், என் பெண்ணையும் ஆக்கியிருக்கிறாய் என்று சொன்னேன். அவள் அழுதுவிட்டாள். “புள்ள எலும்பும் தோலுமா வந்து நிக்குது, மனசு கேக்கல, பாசத்துலதான் செஞ்சேன்” என்றாள். பொய் அழுகை இல்லை அது, உன்மேல் அவளுக்கு உயிர்தான். பாசம் என்றால் என் பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போட்டிருக்க வேண்டும், வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு இடம் கொடுத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு லாட்ஜுக்கு நடந்தேன். என் பின்னால் யாரும் வரவில்லை.

திரும்பும் ரயிலில் அத்தை வேறு பெட்டியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அப்பா பாதி வழியில் மெதுவாக, “சண்டை வேணாம்னுதான் சும்மா இருந்தேன், தெரியாத வரைக்கும் அவளுக்கு என்ன நஷ்டம்” என்றார். நாளையிலிருந்து உங்கள் சர்க்கரை மாத்திரைக்குப் பதில் மாவை உருட்டித் தருகிறேன், தெரியாத வரைக்கும் என்ன நஷ்டம் என்று கேட்டேன். எதிரில் இருந்தவர் செய்தித்தாளை முகத்துக்கு மேல் தூக்கிக்கொண்டார். அப்பா என் கையைப் பிடித்து, “அவகிட்ட மட்டும் சொல்லிடாத, இனிமே வீட்டுப் பக்கமே வரமாட்டா” என்றார். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. இருந்தும் எழுதுகிறேன். நான் மறைத்தால் அந்த அடுப்படியில் அத்தையோடு நானும் நின்று கிண்டியதாக ஆகிவிடும். இந்த வீட்டில் அப்பா ஒன்றை மறைக்கிறார், அத்தை ஒன்றை மறைக்கிறாள், நீ நெற்றித் தையலை மறைக்கிறாய், நல்லது நினைத்துத்தான் ஒவ்வொருவரும் மறைக்கிறீர்கள். எனக்கு உங்கள் மூவரின் நல்லதும் வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்து வாசலிலேயே நின்றாள். உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தேன். நீ வரும்போது அவளும் வரலாம், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம், கரண்டியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். “அவ எங்கிட்டப் பேசுவாளா” என்று கேட்டாள். அது உன் இஷ்டம், நீ பேசு என்றும் சொல்லமாட்டேன், பேசாதே என்றும் சொல்லமாட்டேன். அப்பா இப்போது கடைக்குப் போனால் ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பொடி எழுத்தைப் படிக்கிறார். நீ தின்கிற சிப்ஸில் ஒரு வகையில் பால் பொடி இருக்கிறது என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்து என்னிடம் நின்றார், பாராட்டுவேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை.

மறக்காமல் இந்த வாரமே ரத்தம் சோதித்து, வந்ததை அப்படியே எனக்குச் சொல், கூட்டாமல் குறைக்காமல். நீ போகிற ஊரிலெல்லாம் உனக்கென்று ஒரு அடுப்பு எரியட்டும், கேட்கிற வாயும் கொடுக்கிற கையும் உனக்குக் குறையாமல் இருக்கட்டும், ஏறுகிற உயரமெல்லாம் பத்திரமாக இறங்கி வா. அப்பாவை என் பங்குக்குத் திட்டி முடித்துவிட்டேன், உன் பங்கை நான் தொடவில்லை, அது உன்னுடையது. அவர் தினமும் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். பசியோடு கூப்பிடாதே, குரல் எழும்பாது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு அவரைக் கூப்பிடு.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத
உன் அம்மா