மூன்று சிலிண்டரும் மூன்று ஜெபமும்

மில்லர்புரம்,
தூத்துக்குடி.
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் ஜெப்ஸிக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் கர்த்தருடைய கிருபையால் சுகம், போன வாரம் வரை காரையும் தவிர என்று எழுத வேண்டியிருந்தது, இப்போது அது தேவையில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் மருமகன் நேசக்குமாரும் அந்தக் கனடாக் குளிரில் நல்லபடியாக இருக்கத் தினமும் குடும்ப ஜெபத்தில் கேட்கிறோம். இதைப் போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் நீ என்னைப் பேச விட்டால்தானே, நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு வார்த்தை பயப்படுகிறாய். எழுத்தில் குறுக்கே பேச முடியாது, முழுக்கப் படித்துவிட்டுக் கூப்பிடு. இங்கே மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை, உப்பளக்காரர்களுக்கு மட்டும்தான் அதில் சந்தோஷம். சாத்தான்குளத்துப் பெரியம்மா ஜெபசெல்விக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொரு கண் பொங்கல் கழித்துத்தான். ஒரு கண்ணை வைத்துக்கொண்டே ஊரில் நடப்பதையெல்லாம் பார்த்து உனக்குச் சொல்லிவிடுகிறாள், இரண்டும் தெரிந்தால் என்ன ஆகுமோ.

நம் மாருதி பைபாஸ் பாலத்தில் ஏறும்போது குலுங்கிக் குலுங்கி நின்றுபோனதையும், பின்னால் ஹார்பர் கன்டெய்னர் லாரிக்காரன் ஆரனிலேயே கையை வைத்துக்கொண்டு நின்றதையும் அவள்தானே உனக்குச் சொன்னது. நீ அன்றைக்கே எனக்குச் சட்டம் போட்டாய். கம்ப்ரஷன் டெஸ்ட் பண்ணிப் பாருங்கள், இன்ஜின் போயிருந்தால் காரை விற்றுவிட்டு நீங்களும் ஓட்டுவதை நிறுத்திவிட வேண்டும், நன்றாக இருந்தால் நான் இனிமேல் இதைப் பற்றி வாயே திறக்க மாட்டேன் என்றாய். நான் சரி என்றேன். இந்த வயதில் இன்னொரு வண்டியின் கிளட்சை என் கால் படிக்காது என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அப்பாவுக்குக் கண்பார்வை மங்கியதிலிருந்து ஸ்டியரிங் என் கையில்தான் இருக்கிறது, மீனுக்கும் மாத்திரைக்கும் கோயிலுக்கும் பெரியம்மா வீட்டுக்கும் நாங்கள் யாரையும் கேட்டு நின்றதில்லை. அதனால் அந்த டெஸ்ட் இன்ஜினுக்கு மட்டும் வைத்தது இல்லை என்று தெரிந்தேதான் சம்மதித்தேன்.

தெருமுனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற மாரிராஜ் வெள்ளிக்கிழமை வீட்டுக்கே வந்தான். இன்ஜின் சூடாக இருந்தால்தான் கணக்கு சரியாக வருமாம், அதனால் ஹார்பர் ரோடு வரை ஒரு நடை போய்வரச் சொன்னான். வந்ததும் மூன்று பிளக்கையும் கழற்றினான், பொறி அடிக்காமல் இருக்கக் காயில் ஒயரைப் பிடுங்கி ஓரமாக வைத்தான், பிளக் இருந்த ஓட்டையில் ஒரு மீட்டரை மரை முறுக்கி மாட்டினான். டாக்டர் கையில் பட்டி சுற்றி பிரஷர் பார்ப்பாரே அதைப் போன்ற முள்தான். உள்ளே பிஸ்டன் காற்றை எவ்வளவு இறுக்குகிறது என்று அந்த முள் காட்டும். நம் வண்டிக்கு நூற்றைம்பதைத் தொட்டால் நல்லது, நூற்று நாற்பதுக்குக் கீழே போனால் யோசிக்க வேண்டும், சிலிண்டருக்குச் சிலிண்டர் பெரிய வித்தியாசமும் இருக்கக் கூடாது என்றான். அப்புறம் என்னைப் பார்த்து, டீச்சர் நீங்க ஆக்ஸிலேட்டரத் தரையோட மிதிச்சுக்கிட்டே சாவியத் திருப்புங்க, முள்ளு ஏறி நிக்குத வரைக்கும் விட்டுராதிய என்று சொல்லிவிட்டு பானட்டுக்குப் பின்னால் மறைந்துகொண்டான். அப்பா எப்போதும் போல முன்சீட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எப்போதும் போல ஜெபம் பண்ணினார். அன்றைக்கு மூன்று சிலிண்டருக்கும் தனித்தனியாக ஜெபம், ஒவ்வொன்றுக்கும் ஆமென் சொன்ன பிறகுதான் சாவி. மாரிராஜ் அடிங்க அடிங்க என்று கத்திக்கொண்டே இருந்தான், பாவம்.

முதல் சிலிண்டர் தொண்ணூற்றைந்து, அடுத்தது நூறு, மூன்றாவது எண்பது. ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயிலை ஓட்டை வழியாக விட்டு மறுபடியும் சாவியைத் திருப்பச் சொன்னான் மாரிராஜ். பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடுக்கை அடைத்துக்கொள்ளும், முள் விறுவிறுவென்று ஏறும், ஏறாவிட்டால் கோளாறு வால்வில் என்று அர்த்தமாம். முள் பேருக்கு அசைந்தது, அவ்வளவுதான். மூணு சிலிண்டர் வால்வும் ஒண்ணுபோலயா போவும், ஒண்ணும் புரியலையே என்று தலையைச் சொறிந்தான், கடைசியில் வயசான வண்டி டீச்சர், இன்ஜின் ஹெட்டை இறக்கிச் செலவு பண்ணினாலும் கட்டுப்படியாகாது என்று சொல்லிவிட்டான். அன்றைக்குத்தான் உன்னைக் கூப்பிட்டு விற்றுவிடுகிறேன் என்றேன். நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன், நீ அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று பேச்சை மாற்றினாய், அது எனக்கு இன்னும் கஷ்டமாகப் போயிற்று. பழைய கார் வாங்கி விற்கிற சிவனாண்டி அண்ணாச்சியிடமும் திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன் ஜெப்ஸி. கார் போகிறதே என்று இல்லை. யாராவது வந்து கூட்டிக்கொண்டு போக மாட்டார்களா என்று செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற மனுஷியாக நான் ஆகிவிடுவேனே என்று பயந்துதான் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் காரில் கடைசியாகக் கோயிலுக்குப் போகலாம் என்று புறப்பட்டோம். உனக்குத்தான் நம் வீட்டு வழக்கம் தெரியுமே, வண்டி வாங்கின புதிதில் அப்பா கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டே மிதித்து கேட்டை உடைத்ததிலிருந்து, ஜெபத்துக்குத் தலை குனிந்தால் இரண்டு காலும் பெடலை விட்டுத் தரைக்கு வந்துவிட வேண்டும், ஆமென் சொல்லி சாவியைத் திருப்பி இன்ஜின் பிடித்த பிறகுதான் கால் மேலே போகும் என்று சட்டம். நீ ஓட்டப் பழகினபோதும் அப்படித்தான் பழகினாய். அன்றைக்கு அப்பா தலை குனிந்தார், நானும் குனிந்தேன், குனிந்த தலையோடு கீழே பார்த்தால் என் வலது கால் தானாக ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கித் தரையில் போய் உட்காருகிறது. ஆமென் என்றார், கை சாவியைத் திருப்பியது, கால் தரையிலேயே இருந்தது. எனக்கு அப்படியே தூக்கிவாரிப் போட்டது. வெள்ளிக்கிழமையும் இதே கால்தானே. மிதியுங்கள் என்று அவன் சொன்னபோது மிதித்தேன், அப்பா ஜெபத்தை ஆரம்பித்ததும் எடுத்தேன், மூன்று ஜெபத்துக்கு மூன்று தடவை எடுத்தேன், ஆயில் விட்டதற்கும் அப்பா மறுபடி தலை குனிந்தபோது எடுத்தேன். மிதிக்காவிட்டால் கார்பரேட்டர் வாசல் மூடியே இருக்கும், காற்று உள்ளே போகாது, போகாத காற்றை அந்தப் பிஸ்டன் எப்படி இறுக்கும். மூன்றும் சேர்ந்து படுத்ததற்கும் ஆயில் விட்டும் ஏறாததற்கும் அதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. சபை ஐயர் அன்றைக்கு எந்த வசனத்தில் பிரசங்கம் பண்ணினார் என்று கேட்காதே, எனக்குத் தெரியாது.

வெளியே வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். ஏளா, அப்போ ஜெபம் பண்ணதுதான் தப்புங்கியா என்றார். ஜெபம் தப்பில்லை, இடம்தான் தப்பு என்றேன். திங்கட்கிழமை விடிந்ததும் மாரிராஜை மறுபடி வரச் சொன்னேன். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான், அப்புறம் நானும் ஒருக்கா எட்டிப் பாத்திருக்கணும் டீச்சர் என்று சங்கடப்பட்டான். அப்பா இந்தத் தடவை முருங்கை மரத்தடியில் நின்று, மூன்று சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே ஜெபமாக முடித்துக்கொண்டார். நான் முட்டி வலிக்க வலிக்க மிதித்தேன். முதலாவது நூற்றறுபது, இரண்டாவது நூற்றைம்பத்தைந்து. மூன்றாவது மட்டும் நூற்றுப் பதினைந்தில் நின்றுவிட்டது. ஆயில் விட்டும் அது ஏறவில்லை, அதனால் ரிங் இல்லை, பக்கத்துச் சிலிண்டர் நன்றாக இருப்பதால் இரண்டுக்கும் நடுவே காற்று கசியாமல் அடைக்கிற கேஸ்கட்டாகவும் இருக்காது, வால்வுதான் என்று இப்போது அவனுக்குப் புரிந்தது. இன்ஜின் ஆறட்டும் என்று காப்பி குடித்துவிட்டு வந்து, மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தால் அந்தச் சிலிண்டரில் வால்வைத் தட்டித் திறக்கிற டேப்பட் இடைவெளியே இல்லாமல் இறுக்கமாக இருந்திருக்கிறது, வால்வு முழுதாக மூடவே இல்லை. பாலத்தில் குலுங்கி நின்றதற்கும் அதுதான் காரணம். இடைவெளி வைத்து, வண்டியை ஒரு நடை ஓட்டிச் சூடாக்கிவந்து பார்த்தோம், நூற்றைம்பதைத் தொட்டுவிட்டது. அது ஏறுவதை நானே இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசைதான், காலை எடுக்கக் கூடாதே, அதனால் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய் எட்டிப் பார்த்துவிட்டு அங்கிருந்தே அல்லேலூயா என்று கத்தினார்.

அந்த நேரம் பார்த்து சிவனாண்டி அண்ணாச்சி கார் எடுக்க வந்து நிற்கிறார். சொன்ன சொல்லை மாற்றுகிறோமே என்று எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, டீச்சர், இனி ஒங்க வண்டிய வாங்கணும்னா மொதல்ல சாருக்க ஜெபத்தையில்லா நிறுத்தணும் என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். இன்றைக்குக் காலையில் அதே பாலத்தில் ஏறி இறங்கிப் பார்த்தேன், ஒரு குலுங்கல் இல்லை. நல்ல ரிசல்ட்டை மட்டும் சொல்லி உன்னை ஏமாற்ற எனக்கு மனது வரவில்லை, அதனால்தான் மிதிக்காமல் வந்ததையும் மிதித்து வந்ததையும் டேப்பட்டையும் ஒன்று விடாமல் எழுதினேன், நேசக்குமாரிடமும் காட்டு, சந்தேகம் இருந்தால் மாரிராஜைக் கேட்கட்டும். நானாகவே ஒன்று தீர்மானித்திருக்கிறேன், இருட்டின பிறகும் திருநெல்வேலி நாலு வழிச்சாலையிலும் இனி ஓட்ட மாட்டேன். உன் சட்டத்துக்காக இல்லை, எனக்கே எதிர் லைட்டில் கண் கூசுகிறது, அந்த ரோட்டு வேகமும் ஒத்துவரவில்லை. மற்றபடி நீ வாய் திறக்க மாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடாமல் வெளியே போகாதே, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் தூங்காதே. கர்த்தர் உங்கள் இருவருடைய போக்கையும் வரத்தையும் காப்பாராக. கிறிஸ்துமஸுக்கு வரும்போது பகலில் வந்து இறங்குகிற விமானமாகப் பார்த்து டிக்கெட் போடு, வாகைக்குளத்தில் இறங்கி டாக்ஸி தேடாதே. வெளியே நம் கார் நிற்கும், ஸ்டியரிங்கில் நான் இருப்பேன். அப்பா தன் ஜெபத்தை வெளியே நின்றே முடித்திருப்பார். நீ முன்சீட்டில் உட்கார்ந்துகொள், ஆனால் போன தடவை மாதிரி வழியெல்லாம் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வராதே. உன் காலைத் தரையில் வை, மிதிப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அன்புள்ள அம்மா,
ஈவாஞ்சலின் செல்வதுரை