மினுக்கன் எதையும் கேட்பதில்லை

8 ஆகஸ்ட் 1985, வியாழன்

பஸ்ஸில் இன்றும் சீட்டுக்கடியில் குனிந்து பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். வெடிகுண்டு பயம். என் சீட்டுக்கடியில் ஏதோ குழந்தையின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. ஆபீஸில் நாள் முழுக்க ஒரு டெண்டர் குறிப்பு. நாலு காப்பி, மூன்று கார்பன் தாள். விரல் நுனி இன்னும் நீலமாக இருக்கிறது.

சாயங்காலம் மாடி வீட்டு வள்ளியம்மை கூப்பிட்டாள். கணவர் விமானப்படையில். பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை. வியாழக்கிழமையானால் டி.வி.யில் அந்த ஹிந்தி சீரியல். அவளுக்கு ஹிந்தி காய்கறி வாங்குகிற அளவுக்குத்தான் வரும். நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். அம்மா போனபிறகு வாரத்தில் நான் தொடர்ந்து பேசுவது அந்த அரைமணி நேரம்தான்.

ஊர் ஊராகப் போய்ப் பெண்களை மயக்கி ஏமாற்றுகிறவன் கதை. ஊருக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்கிறான். எதை நினைவு வைத்துக்கொள்வது என்று வள்ளியம்மை அவனுக்கு ‘மினுக்கன்’ என்று பெயர் போட்டுவிட்டாள். இன்று டேராடூனில் ஒரு வாத்தியாரம்மா. அவளிடம் ஒரு சொல்லைத் தப்பாக உச்சரிக்கிறான். அவள் திருத்துகிறாள். முகமே மாறிவிடுகிறது அவளுக்கு.

“போன வாரம் நல்லாத்தானே பேசுனான்? இப்ப ஏன் தப்பா பேசுறான்?” என்றாள் வள்ளியம்மை.

“வேணும்னுதான். ரிடையர் ஆனப்புறம் அவகிட்ட யாரும் எதையும் கத்துக்க வரல்லை. அதைக் கண்டுபிடிச்சுட்டான்.”

“அடப்பாவி” என்றாள். சொன்ன பிறகுதான் எனக்கே அது புரிந்தது.

9 ஆகஸ்ட்

இன்று பேசியது: “ஏக் ஆர்.கே.புரம்.” கண்டக்டரிடம். வேறு ஒன்றும் இல்லை.

18 ஆகஸ்ட், ஞாயிறு

தமிழ்ச் சங்க நூலகத்தில் ஒருவர் வாரப் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தார். படங்களை மட்டும் பார்ப்பது தெரிந்தது. நாற்பது, நாற்பத்திரண்டு வயதிருக்கும். இடது புருவத்தில் ஒரு சின்ன வெட்டுத் தழும்பு. பக்கத்தை என் பக்கம் திருப்பி, “மேடம், இது என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டார். ஒரு சிரிப்புத் துணுக்கு. வாசித்துக் காட்டினேன். நூலகம் என்பதை மறந்து சிரித்தார்.

பெயர் சேஷு. கரோல் பாகில் பிறந்து வளர்ந்தவராம். வீட்டில் பேசுவார்களே தவிரப் படிக்கச் சொல்லித் தரவில்லையாம். “அப்பா லெட்டர்ஸ் எல்லாம் ஒரு டப்பாவுல அப்படியே இருக்கு. எனக்குப் படிக்க வராது. ஷரம் ஆ ரஹீ ஹை, வெட்கமா இருக்கு மேடம்.”

நான் சொல்லித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் கேட்கவில்லை.

வரும் வழியில் மினுக்கன் ஞாபகம் வந்தது. சிரித்துக்கொண்டேன். சீரியல் பார்த்துக் கெட்டுப்போனேன் நான். டி.வி.யில் வருவது மாதிரி ஆர்.கே.புரத்தில் நடக்குமா? நடந்தாலும் முப்பத்தொன்பது வயது ஸ்டெனோவிடம் என்ன இருக்கிறது எடுத்துக்கொண்டு போக?

25 ஆகஸ்ட், ஞாயிறு

வீட்டுக்கே வந்தார். கதவைத் திறந்தே வைத்திருந்தேன். அ, ஆ எழுதி முடித்தோம். ‘ழ’ வரவே இல்லை அவருக்கு. இங்கே இருக்கிற முருகன் கோவில் பெயரை வைத்து, “மலை மந்திர்ல மழை” என்று சொல்லச் சொன்னேன். மலை மந்திர்ல மலை என்றார். மறுபடி. மறுபடியும் மலை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இரண்டு டம்ளர் கழுவினேன் இன்று.

5 செப்டம்பர், வியாழன்

மினுக்கன் மீரட்டுக்குப் போய்விட்டான். இந்தத் தடவை மருந்துக்கடை வைத்திருக்கிற ஒரு விதவை. அவளிடம் பேசுவதே இல்லை. கடைக்கு வருகிறான், தலைவலி மாத்திரை வாங்குகிறான், போகிறான். நாலாம் நாள் பின்கட்டில் குழாய் ஒழுகுவதைப் பார்த்துவிட்டுச் சரிசெய்கிறான். டீ போடப் போகிறாள். திரும்பி வருவதற்குள் ஆள் இல்லை. அவ்வளவுதான். அன்றைக்கு முழுக்க அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“வாத்தியாரம்மாகிட்ட அந்தப் பேச்சுப் பேசுனான். இவகிட்ட ஊமையா?”

“இவளைச் சுத்திப் பேசறவாதான் எல்லாரும். மாமனார், கொழுந்தன், கடைக்கு வர்றவா. பேசாம ஒரு காரியம் பண்றவன்தான் இல்லை. ஒரு வீட்டுக்குள்ளே போனா அங்கே என்ன இல்லைன்னு முதல்ல பாக்கறான். அப்புறம் அதுவாவே ஆயிடறான்.”

வள்ளியம்மை என்னையே பார்த்தாள். “எப்படிக்கா உங்களுக்கு இதெல்லாம் தெரியுது?”

தெரிகிறது. தெரிந்து என்ன?

15 செப்டம்பர், ஞாயிறு

சேஷு இப்போது எழுத்துக் கூட்டி வாசிக்கிறார். கடைப் பலகையைப் பார்த்துக் குழந்தை வாசிக்கிற மாதிரி.

காபி குடிக்கும்போது முனிர்க்காவில் அவர் நடத்துகிற டைப்பிங் வகுப்பு பற்றிச் சொன்னார். ஏழைப் பெண்கள், பதினோரு பேர், இரண்டே மெஷின். ஒரே கார்பனை ஓட்டை விழும்வரை மாற்றி மாற்றிப் போடுகிறார்களாம். சொல்லிவிட்டு உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

“ஆபீஸ்ல நாங்க ஒரு தடவை போட்டுட்டுத் தூக்கிடறோம். நான் கொண்டு வரட்டுமா?” என்றேன்.

“சே சே, உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு?” என்றார்.

ஒரு தொந்தரவும் இல்லை என்று நான்தான் வற்புறுத்தினேன்.

20 செப்டம்பர்

கொண்டு வந்துவிட்டேன். இருபது தாள் இருக்கும். எங்கள் பிரிவில் பழைய கார்பனைக் கிழித்து எரிக்க வேண்டும் என்று விதி. யார் எரிக்கிறார்கள்? குப்பைக் கூடைக்குத்தான் போகிறது.

26 செப்டம்பர், வியாழன்

இன்று மருந்துக்கடைக்காரி கடைச் சாவியைத் தானே எடுத்து மினுக்கன் கையில் வைத்தாள். வேண்டாம் என்கிறான். அவள் அழுகிறாள். பிறகு வாங்கிக்கொள்கிறான்.

“பாத்தீங்களா? யாருகிட்டயும் அவன் எதையும் கேக்கவே மாட்டேங்கிறான்” என்றாள் வள்ளியம்மை.

அதற்குமேல் எனக்குத் தமிழ் வரவில்லை. தலைவலி என்று கீழே வந்துவிட்டேன்.

எல்லாவற்றையும் சீரியலோடு முடிச்சுப் போடுவதா? நல்ல மனிதர்களும் எதையும் கேட்க மாட்டார்கள்தானே? கேட்காததே ஒரு குற்றமா? தனியாக இருந்து இருந்து புத்தி இப்படிப் போகிறது.

29 செப்டம்பர், ஞாயிறு

இரண்டாவது கார்பன் கட்டும் கொடுத்தேன்.

சேஷு தானாக ஒரு முழு வாக்கியம் எழுதினார். கோணல் மாணலாக. ‘வைதேஹி நல்ல டீச்சர்.’ ஹி-க்கு மட்டும் மூன்று தடவை அடித்து எழுதினார். அந்தத் தாளை அலமாரியில் புடவைகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன். சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. இங்கேதானே சொல்கிறேன்.

9 அக்டோபர், புதன்

வரிசையாக எழுதுகிறேன்.

லீலாவதி பக்கத்துப் பிரிவு ஸ்டெனோ. வேலூர்ப் பக்கத்துக்காரி, கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். புருஷன் போய் ஆறு வருஷம். வருத்தமில்லாத சாவு என்று அவளே சொல்லியிருக்கிறாள். கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் அவளுக்கென்று ஒரு போஸ்ட்கார்டு எழுதியதில்லை அந்த மனுஷன். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அவள் டிபன் பைக்குள் எதையோ மடித்து வைத்தாள். நீலமாகத் தெரிந்தது.

“என்னது லீலா?”

“பழைய கார்பன்தான் வைதேகி. ஒருத்தர் ஏழைப் பொண்ணுங்களுக்கு டைப்பிங் சொல்லித் தராரு. முனிர்க்காவுல.”

நான் டிபன் டப்பாவை மூடிவிட்டேன்.

யார் என்று கேட்டேன். முகம் சிவந்துவிட்டது அவளுக்கு. யாரிடமும் சொல்லாதே என்று ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினாள். நாலு பக்கம். எல்லாம் தமிழ். என்ன தமிழ்! முத்து முத்தான கையெழுத்து, ஒரு அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. ‘தங்கள் கோல் மார்க்கெட் வீட்டு ஜன்னல் வெளிச்சத்தைத் தெருவிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிற நாட்களும் உண்டு.’ எத்தனை ‘ழ’ அதில். எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

“எழுதியே பேசுவாரு வைதேகி. நேர்ல ரெண்டு வார்த்தைக்கு மேல வராது.”

“பேரென்ன?”

“சேஷு.”

“புருவத்துல தழும்பு இருக்குமோ?”

லீலாவதி கடிதத்தை மடக்கிக்கொண்டாள். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. கேட்கவே இல்லை.

ஐயோ, என்னிடம் எழுதப் படிக்கத் தெரியாதவனாக வந்தானே. அவளுக்கு எழுதுகிறவனாகப் போயிருக்கிறான். அவளிடம் எது இல்லையோ அது. என்னிடம் எது இல்லையோ — நான் சொன்னதைக் கேட்டுக்கொள்ள ஒரு ஆள் இல்லை எனக்கு. அவ்வளவுதானே. அதை எங்கே பார்த்தான் என் மூஞ்சியில்?

எல்லாம் எனக்குத் தெரியும். வாராவாரம் வள்ளியம்மைக்கு நான்தானே பொழிப்புரை சொன்னேன். தெரிந்து என்ன பிரயோஜனம்டி வைதேஹி.

10 அக்டோபர், வியாழன்

கூடையிலிருந்து ஒரு பழைய கார்பனை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தும் தெரிகிறது. கம்பெனிகளின் பெயர், விலை, குழுவின் பரிந்துரை. டெண்டர் முடிவாகும் முன்னால் எவனுக்கு இது கிடைத்தாலும் பொன். பதினெட்டு வருஷமாக டைப் அடிக்கிறேன். எனக்குத் தெரியாதா கார்பனில் எழுத்து நிற்கும் என்று?

மாடிக்குப் போகவில்லை.

13 அக்டோபர், ஞாயிறு

வந்தான். எப்போதும் போல நாற்காலியை மேஜைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டான். புது இதழைத் திறந்து, ஒரு கதையின் முதல் பத்தியை வாசிக்கச் சொன்னேன். விரலை வைத்து எழுத்துக் கூட்டினான். ப-க்-க-த்-து... நான் புத்தகத்தைப் பார்க்கவில்லை. அவன் கண்ணைப் பார்த்தேன். ஐந்தாவது வரியில் ஒரு நகைச்சுவை. உதடு இன்னும் இரண்டாவது வரியில் திக்கிக்கொண்டிருக்கும்போதே வாயோரம் சிரித்துவிட்டது.

“அச்சா, ரொம்ப கஷ்டம் மேடம் உங்க தமிழ்” என்றான்.

“போகப் போக வரும்” என்றேன்.

போகும்போது, அந்தப் பெண்கள் எல்லாம் என்னை ‘கார்பன் ஆன்ட்டி’ என்று சொல்கிறார்கள் என்றான். இந்த வாரம் டைப்பிங் வேலை குறைச்சல் என்றேன். பரவாயில்லை என்று அன்பாகத்தான் சொன்னான். அடுத்த ஞாயிறு வரட்டுமா? வாங்கோ என்றேன்.

அதில் பொய் இல்லை. வரவேண்டும் போல்தான் இருந்தது. இதை யாரிடம் சொல்வது?

14 அக்டோபர், திங்கள்

முதலில் லீலாவதியிடம் சொன்னேன். பாத்ரூம் வாசலில் வைத்து. ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி, ‘ழ’ பற்றி, எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தவள், “உனக்கு வயித்தெரிச்சல் வைதேகி. உனக்கு யாரும் இல்லேன்னு என்னுதையும் பிடுங்கப் பாக்குறே” என்றாள்.

மூன்று மணிக்குத் துணைச் செயலர் அறைக்குப் போனேன். லீலாவதி பெயரைச் சொல்லவில்லை. என்னைப் பற்றி மட்டும் சொன்னேன். எத்தனை தடவை கொடுத்தாய் என்றார். இரண்டு. அதற்கு உனக்கு என்ன கொடுத்தான்? ஒன்றும் இல்லை. நம்பவில்லை. வேறு வேறு விதமாக அதையே மூன்று தடவை கேட்டார். ஒன்றும் வாங்காமல் எதற்காக அம்மா கொடுத்தாய்?

டைப்பிங் வகுப்புக்கு என்றேன்.

20 அக்டோபர், ஞாயிறு

விசாரணைக்காரர்கள் இரண்டு பேர் என் வீட்டு உள்ளறையில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். அவன் வரவில்லை. எப்படியோ மோப்பம் பிடித்திருக்கிறான். மூன்று டம்ளர் கழுவினேன்.

2 நவம்பர்

பழைய கோப்புகள் வைக்கிற அறைக்கு மாற்றிவிட்டார்கள். நிலவறை. டைப்ரைட்டர் கிடையாது. ஒரு வருஷ இன்கிரிமென்ட் நிறுத்தம். வேலை போகவில்லை, அதுவே பெரிது என்கிறார்கள். லீலாவதியும் தானாகவே போய் எழுதிக் கொடுத்துவிட்டாள் என்று கேள்வி. அவளுக்கும் இதே தண்டனை, வேறு கட்டடம். வராண்டாவில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போகிறாள்.

21 நவம்பர், வியாழன்

சீரியல் முடிந்தது. கடைசியில் மினுக்கன் ஒரு நர்ஸிடம் நிஜமாகவே மனசைப் பறிகொடுத்துத் திருந்திவிடுகிறான். வள்ளியம்மை அழுதாள். “நல்லவேளை, திருந்திட்டான்” என்றாள்.

கதை எழுதினவர் தனியாக இருந்தவர் இல்லை போலிருக்கிறது.

1 ஜனவரி 1986

புது டைரி. எழுத ஒன்றும் இல்லை.

19 பிப்ரவரி, புதன்

கணப்புக்கு வைக்கிற இரண்டு கூடைக் கரி போதாமல் கை விறைக்கிற குளிர் போய், இன்றைக்குத்தான் கொஞ்சம் வெயில். காலை பத்து மணிக்கு விசாரணை ஆபீஸுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். லூதியானாவில் அகப்பட்டானாம். அங்கே வேறொரு ஆபீஸ், வேறொரு பெண். அவளிடம் பஞ்சாபி பேசிக்கொண்டிருந்தானாம். அடையாளம் காட்ட வேண்டும். வாசல் பெஞ்சில் லீலாவதியும் இருந்தாள். நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தேன்.

முதலில் அவளைக் கூப்பிட்டார்கள். பிறகு என்னை.

சுவரோரம் ஐந்து பேர் நின்றார்கள். மூன்றாவது ஆள். இளைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் அந்தக் கரோல் பாக் தமிழ் இல்லை, எங்கள் தஞ்சாவூர்ப் பேச்சு, சுத்தமாக, மெதுவாக:

“சாப்டேளா, வைதேஹி?”

அம்மா போன பிறகு யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. ஒரு தடவைகூட. அந்த நிலைமையிலும் கண்டுபிடித்துவிட்டானே. அதிகாரி, “இவனா?” என்றார். இவன்தான் என்றேன். காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ஒரே பஸ்ஸில்தான் திரும்பினோம், லீலாவதியும் நானும். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“உன்கிட்ட என்ன சொன்னான்?”

சொன்னேன்.

“என்கிட்ட ஒன்னும் பேசலை. ஒருதரம் பாத்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அவ்வளவுதான்” என்றாள். பிறகு, “அது எனக்குப் போதும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு பாரேன்” என்றாள்.

நான் அவள் கையைத் தொடவில்லை. அவளும் நகர்ந்துகொள்ளவில்லை.

கோல் மார்க்கெட் வந்ததும் எழுந்தாள். படியில் நின்று, “நீ இன்னும் சாப்பிடலைதானே?” என்றாள். கண்டக்டர் “ஜல்தி, ஜல்தி” என்று கத்தினான். நானும் இறங்கிவிட்டேன்.

பையில் டைரி இருந்தது. அவள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளேயிருந்து, “அரிசி ஒரு டம்ளர் போதுமா, ஒன்னரையா?” என்று கேட்டாள்.

ஒன்றரை என்று சொன்னேன்.