சனத்தின் சுண்டுவிரலை நிமிர்த்திவிட்டது குறித்து

அனுப்புநர்:
இப்திஹால் ருவாஷ்தா,
முதல் வகுப்பு ஆசிரியை,
மேட்டுத் தெரு ஆரம்பப் பள்ளி,
ஐன் லௌஸ், ஜோர்டான்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
வட்டாரக் கல்வி அலுவலகம்,
ஐன் லௌஸ்.

பொருள்: வகுப்பறைக் கைச்சைகைத் தாள்களில் ஒன்றை முன்பிருந்தபடியே அச்சிடவும், அதுவரை என் வகுப்பில் பழைய தாளை ஒட்டவும் அனுமதி கோருதல்.

பார்வை: வகுப்பறைச் சுவர்களை ஒரே சீராக்குவது பற்றிய தங்கள் சுற்றறிக்கை, சென்ற வாரம் ஆய்வாளர் எழுதிச் சென்ற குறிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மீதும் தங்கள் வீட்டார் மீதும் அமைதி நிலவட்டும்.

1. என் வகுப்புச் சுவரில் ஒட்டும் எழுத்து அட்டை, எண் வரிசை, கிழமைப் பட்டை எல்லாவற்றையும் நானே வீட்டுக் கணினியில் செய்து, அச்செடுத்து, லேமினேட் செய்து ஒட்டுவது வழக்கம். செய்தவற்றை வட்டார ஆசிரியைகளின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுவேன். யார் வேண்டுமானாலும் அச்செடுத்துக்கொள்ளலாம். ஆகவே என் படங்களைத் தங்கள் அலுவலகம் கேட்காமல் எடுத்துக்கொண்டது என்பது என் புகார் அல்ல. எடுத்துக்கொண்டதில் எனக்குச் சந்தோஷமே.

2. கைச்சைகைத் தாள்கள் பிறந்த கதையைத் தாங்கள் அறிய வேண்டும். வகுப்பில் எல்லாரும் ஒரே நேரத்தில் "மிஸ், மிஸ்" என்று கத்தினால் பாடம் எங்கே நடக்கும்? தண்ணீருக்கு ஒரு சைகை, கழிப்பறைக்கு ஒன்று, எழுதி முடித்ததற்கு ஒன்று என்று வைத்தேன். பொம்மைக் கைகளைப் பிள்ளைகள் மதிப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனின் கை என்றால் மதிப்பார்கள். அதனால் அவர்கள் கைகளையே தாளில் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து, பிறகு கணினியில் ஏற்றினேன். தண்ணீர்க் கைக்கு அடிதடியே நடந்தது. ஆனால் "எனக்குப் புரியலை, இன்னொரு தடவை சொல்லுங்க" என்ற விரித்த கைக்கு ஒருவரும் வரவில்லை. அது மக்குக் கை என்று தங்களுக்குள் முடிவு கட்டிவிட்டார்கள்.

சனத் எழுந்து வந்தான். "என் கையை வரைங்க மிஸ். எனக்குத்தான் எதுவுமே புரியறதில்லையே" என்றான். வகுப்பே சிரித்தது. அவன் எல்லாரையும்விட அதிகம் சிரித்தான். அவனுடைய வலது சுண்டுவிரல், தந்தையின் வேன் கதவில் நசுங்கி, மோதிர விரல் பக்கமாக வளைந்திருக்கும். "மிஸ், இவன் விரல் தூங்கி விழுது" என்று ஒருவன் கேலி செய்தான். "தூங்கலைடா, பக்கத்து வீட்டை எட்டிப் பாக்குது" என்று சனத் திருப்பிக் கொடுத்தான். விரல் எப்படி இருந்ததோ அப்படியே வரைந்தேன். அன்றிலிருந்து என் வகுப்பில் புரியாதவர்கள் எல்லாரும், தாளில் உள்ளபடியே, சுண்டுவிரலை வளைத்துத்தான் கை தூக்கினார்கள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அது தானாகவே அவர்கள் பழக்கமாகிவிட்டது. புரியவில்லை என்று சொல்ல அதன் பிறகு யாரும் வெட்கப்படவும் இல்லை.

3. அந்தக் குளிர்காலத்திலேயே சனத் மூளைக்காய்ச்சலில் இறந்துபோனான். கோட்டு மாட்டும் ஆணிக்கு மேலிருந்த அவன் பெயர் அட்டையை எடுத்து அவன் தாயிடம் கொடுத்தேன். கையை மட்டும் எடுக்க மனம் வரவில்லை.

மறு ஆண்டு அவன் தங்கை லீன் என் வகுப்பில் சேர்ந்தாள். அவளைக் கொண்டுவந்து விடும்போதெல்லாம் தாய் உள்ளே வருவார். சனத்தின் அம்மா என்று பொருள்பட எல்லாரும் அவரை உம்மு சனத் என்றே அழைப்பார்கள். தாள் பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் இருந்ததால் மண்டியிட்டுத்தான் தொட வேண்டும். தன் உள்ளங்கையை அதன் மேல் வைத்து, கொஞ்ச நேரம் இருந்து, எழுந்து, எனக்கு நல்வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். மற்ற ஊர்ப் பள்ளிகளிலிருந்து, தெற்கே கடலோர அகபாவிலிருந்துகூட, அதே தாளைப் படம் பிடித்து எனக்கு அனுப்புவார்கள். அவற்றைக் காட்டினேன். "அகபா வரைக்கும் போயிட்டானா? கடலைக் காட்டுறேன்னு அவங்கப்பா சொல்லிக்கிட்டே இருந்தார் மிஸ்" என்று கேட்டு, அழுதுகொண்டே சிரித்தார்.

4. அரையாண்டு விடுமுறையில் தங்கள் ஆட்கள் வந்து சுவர்களை உரித்தார்கள். பென்சில் கோடு போட்ட மூலத் தாளையும் அலமாரிக் கதவிலிருந்து எடுத்துவிட்டார்கள். நான் விசாரித்தபோது எல்லாம் காகித ஆலைக்குப் போய்விட்டதாகத் தெரிந்தது. அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு அது காகிதம்.

5. பள்ளி திறந்த அன்று புதிய தாள்கள் இருந்தன. அலுவலக முத்திரையோடு, என் கோப்பிலிருந்து எடுத்த அதே கைகள். உம்மு சனத் வழக்கம்போல் மண்டியிட்டுக் கையை வைத்தார். வைத்த கையை உடனே எடுத்துவிட்டார். "இது யார் கை மிஸ்?" என்றார். அப்போதுதான் நானும் பார்த்தேன். சுண்டுவிரல் நேராக இருந்தது.

6. தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். வடிவமைப்பாளர் தம்பி மரியாதையாகத் தேநீர் கொடுத்தார். "படத்துல ஒரு குறை இருந்துச்சு மிஸ், சரி பண்ணிட்டோம். கோணல் விரலைப் பார்த்தா பிள்ளைங்க கேலி பண்ண மாட்டாங்களா?" என்றார். அவர் எண்ணம் நல்லதே. வேண்டுமானால் கீழே என் பெயரைப் போடுவதாகவும் சொன்னார். ஐயா, எனக்குப் பெயர் வேண்டாம். கேலி செய்தவர்களுக்கு அவனே பதில் சொல்லிவிட்டான். அதன் பிறகு அது குறையாக யாருக்கும் தெரியவில்லை.

என் கணினியில் இருந்த பழைய படத்தை அச்செடுத்துப் பக்கத்தில் ஒட்டினேன். அனுமதியற்ற தாள் என்று கழற்றச் சொன்னார்கள். கழற்றினேன். உம்மு சனத் இப்போது லீனைப் பள்ளிக் கதவோடு விட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார். தெருவில் எல்லாரும் இன்னமும் அவரைப் பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டால் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

7. இவ்வளவையும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். சென்ற வாரம் ஆய்வாளர் வந்தபோது கழித்தல் கணக்கு நடந்தது. லீனுக்குப் புரியவில்லை. வலக்கையை விரித்து, சுண்டுவிரலை உள்பக்கம் வளைத்துத் தூக்கினாள். சுவரில் விரல் நேராக இருப்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆய்வாளர் தம் குறிப்பில், "மாணவர்கள் தாளில் உள்ளபடி விரல்களை நேராக வைத்துக் கை தூக்கப் பழக்குக" என்று எழுதிச் சென்றிருக்கிறார்.

ஆகவே, அடுத்த அச்சில் அந்த ஒரு விரலை வளைந்தபடியே விட உத்தரவிடுமாறும், அதுவரை பழைய தாள் ஒன்றை என் வகுப்பில், பிள்ளைகளின் உயரத்தில், ஒட்டிக்கொள்ள அனுமதிக்குமாறும் தங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கோப்பை இத்துடன் அனுப்பியுள்ளேன். இதனால் அச்சுச் செலவு அதிகமாகாது.

இரண்டையும் தாங்கள் மறுத்தாலும் கீழ்ப்படிவேன். சுவரில் தாங்கள் சொல்வதே இருக்கும். ஆனால் ஆய்வாளர் குறிப்பை நிறைவேற்ற என்னால் இயலாது. விரலை நிமிர்த்து என்று லீனிடம் நான் சொல்ல மாட்டேன். அதற்குரிய நடவடிக்கை எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

இடம்: ஐன் லௌஸ்
நாள்: 2 மார்ச் 2023

பணிவுடன்,
(ஒப்பம்)
இப்திஹால் ருவாஷ்தா

இணைப்பு: கைச்சைகைத் தாள், திருத்தப்படாதது.