ஞாயிற்றுக்கிழமைப் புள்ளிகள்

ஜூலை 6, ஞாயிறு

கௌதமின் வாள்வீரன் நான்காம் லெவலுக்குப் போய்விட்டான். கௌதம் மாடிப்படியில் நின்று எல்லோரிடமும் சல்யூட் வாங்கிக்கொண்டான். அம்மா எட்டிப் பார்த்து, "இன்னா, சூப்பர்வைசர் ஆயிட்டானா?" என்றாள்.

ஆட்டத்தை விளக்கினேன். கதையை நடத்துவது நான், பூதங்களுக்கெல்லாம் குரல் நான்தான். கௌதம், தவ்ஃபீக், அம்பரீன் மூவருக்கும் ஆளுக்கொரு பாத்திரம்: வாள்வீரன், மந்திரவாதி, திருடி. பகடை உருட்டி ஒரு பூதத்தை ஜெயித்தால் அனுபவப் புள்ளி. அதை அந்த நேரம் ஆடுகிறவர்கள் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். நூறு புள்ளிக்கு ஒரு லெவல்.

"வராதவங்களுக்கு?"

"ஒண்ணும் கெடையாது."

"எங்க ஷூ கம்பெனி மாதிரியே கீது."

அம்மாவே சொல்லிவிட்டாள். விதி சரியாகத்தான் இருக்க வேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு

அம்பரீன் இன்றும் நாலே முக்காலுக்குத்தான் வந்தாள், புத்தகப் பையோடு. ஜூனில் அவளை உருதுப் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே வெள்ளிதான் லீவு, ஞாயிறு முழு நாள் வகுப்பு. ஆட்டத்தின் கடைசிக் கால் மணி நேரம்தான் அவளுக்கு. ஒரு மாதமாகியும் அவளுடைய திருடி முதல் லெவலிலேயே நிற்கிறாள். இன்று ஒரு பூதத்தின் கால் விரல் பட்டதற்கே விழுந்துவிட்டாள்.

"உன் ஆளுக்கு ஸ்ட்ரெச்சர் ரெடியா வெச்சிருக்கேன்" என்றான் தவ்ஃபீக்.

சிரித்தோம். நானும்தான். அவள் சிரிக்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

அம்பரீன் வரவில்லை.

பையன்கள் அடித்தார்கள், பூதம் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. அம்பரீன் இருந்தால் பூதத்தோடு பேசுவாள், பொய் சொல்வாள், ஊர் விசாரிப்பாள். அந்த ஒற்றைக்கண் பூதத்தின் குரலுக்காக நான்கு நாள் பயிற்சி செய்திருந்தேன். ஒரு வார்த்தைகூடப் பேச விடவில்லை.

ஜூலை 21, திங்கள்

அவள் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் வகுப்பிலிருந்து தோஸ்த், வாசலில் நிற்க வைத்தே பேசினாள்.

"நீங்களே ஆடுங்கடி. வந்து வந்து வுழறதுக்கு நான் எதுக்கு?"

"நாலாம் லெவல் போட்டுக் குடுத்துடறேன்."

"இனாமாவா? வேணாம். கௌதம் காலேஜ் போற வரிக்கும் சொல்லிக் காட்டுவான்."

காட்டுவான்தான். ஆட்டமே வேண்டாம் என்கிறாள். அப்புறம் என்னையும் வேண்டாம் என்றால்? இப்போதே பாதி நாள் பார்க்க முடிவதில்லை.

ஜூலை 24, வியாழன்

வழி கிடைத்துவிட்டது! வெள்ளிதோறும் பள்ளி விட்டதும் நான் அவள் வீட்டுக்குப் போகிறேன். அவள் தவறவிட்ட சாகசங்களைத் தனியாக ஆடட்டும். பையன்கள் சந்தித்த அதே பூதங்கள், அதே புள்ளி. இனாம் இல்லை. "அப்டின்னா சரி" என்றாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பாலாற்று மணலில், உச்சி வெயிலில், காவல் ராட்சதன். பையன்கள் அவனோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டினார்கள். அம்பரீன் இஞ்ச் டேப் எடுத்தாள். "அண்ணா, ஆம்பூர்லேருந்து வர்றேன், புது ஷூ தைக்க அளவு எடுக்கணும்" என்று சொல்லி இரண்டு செருப்பையும் கழற்ற வைத்து, அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். கொதிக்கிற மணலில் ராட்சதன் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தான். (நானும் குதித்துக் காட்டினேன்.) விதியில் 'ஜெயித்தால்' என்றுதான் இருக்கிறது, 'கொன்றால்' என்று இல்லை. தொண்ணூறு புள்ளி.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இரண்டு பூதங்கள். மூன்றாம் லெவல். எவ்வளவு வேகம்!

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஐயோ. என் மண்டையில் என்ன இருக்கிறது?

போன வாரம் ஆடவில்லை, இன்று மூன்று பூதங்கள். இதுவரை எல்லாம் கூட்டிப் பார்த்தேன் — ஐநூற்று நாற்பது. ஆறாம் லெவல்! பையன்கள் இரண்டு பேர் பிரித்துக்கொண்ட புள்ளியை இவள் முழுசாக ஒற்றை ஆளாக வாங்கியிருக்கிறாள். ராட்சதனுக்கு அவர்களுக்கு ஆளுக்கு நாற்பத்தைந்துதான். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிற எனக்கு இது மூன்று வெள்ளியாகத் தெரியவில்லை.

அம்பரீன் சிரித்துச் சிரித்து சோபாவிலிருந்து விழுந்துவிட்டாள். "விதிய மாத்துவியா?"

எப்படி மாற்றுவது? நோட்டில் விதி என் கையெழுத்தில் இருக்கிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பையன்களிடம் சொல்லிவிட்டேன்.

"ஆறா?" என்றான் கௌதம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "ஆறா?"

தவ்ஃபீக் திங்கள்கிழமையைத் தனக்குத் தனியாகக் கேட்டான். கௌதம் செவ்வாயும் வியாழனும் கேட்டான். அடுத்த மாதம் காலாண்டுப் பரீட்சை, முடியாது என்றேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வெள்ளிக்கெழம அவ வீட்ல எத்தினி மணிக்கு?"

ஆகஸ்ட் 29, வெள்ளி

இரண்டு மாதத்துக்குப் பிறகு முழு ஆட்டம், நான்கு பேரும். "பசங்களா, பின்னாடி நில்லுங்க" என்று அம்பரீன்தான் முதலில் எலும்பு ராஜாவின் மண்டபத்துக்குள் போனாள். கேள்வி மேல் கேள்வி கேட்டு அவனைக் குழப்பினாள். அப்புறம் அவள் உருட்டிய பகடையில் ஒன்றுதான் விழுந்தது. ஆறாம் லெவல் திருடியும் மயங்கித் தரையில். கௌதம் அவளைத் தாண்டிப் போய் நின்றுகொண்டு நகரவே இல்லை. தவ்ஃபீக்கின் மந்திரம் கடைசி உருட்டலில்தான் பலித்தது. போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டிலிருந்து வந்து கதவைத் தட்டினார்கள்.

புள்ளி போட மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 1, திங்கள்

கௌதம் மறக்கவில்லை. முதல் இடைவேளையிலேயே வந்துவிட்டான்.

"எலும்பு ராஜாவுக்கு எத்தினி?"

"நூறு. ஆனா அம்பரீன் மயங்கிக் கெடந்தா, விதிப்படி அவளுக்கு—"

"போ நிஷா. அவதானே மொதல்ல உள்ள போனா? மூணாப் போடு."

மூன்றாகப் போட்டேன். ஆளுக்கு முப்பத்து மூன்று, மிச்சம் ஒன்று. அது யாருக்கு என்று அவன் கேட்கவில்லை.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் பெயரை எழுதி, எதிரே 1 என்று போட்டுக்கொண்டேன். இன்னும் தொண்ணூற்றொன்பது வேண்டும்.