வள்ளத்தில் உனக்கு விட்ட இடம்

என் வீட்டுக்காரிக்கு,

மகள் வீட்டில் சௌகரியந்தானே? உன் அறையிலிருந்து மிளகாய் மூட்டை போனால்தான் திரும்புவேன் என்று சொல்லிப் போனாய். விலை ஏறாமல் எடுக்க மாட்டேன் என்று நானும் சொன்னேன். கடை நன்றாக ஓடுகிறது. நானும் சாப்பிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கப் பிடிக்காமல் காயலோரம் ஒரு மியூசியத்துக்குப் போனேன். சரக்கு ஏற்றிய பழைய கெட்டுவள்ளப் படகை வீடாக்கி வாழ்ந்தவர்களைப் பற்றியது. கல்யாணமான புதிதில் கொல்லத்தில் நாம் ஒரு வள்ளத்தில் குடியிருந்தோமே, அச்சு அசல் அதே மாதிரி. மண் நிரப்பிய தகரப் பெட்டியில் அடுப்பைப் பார்த்ததும் உன் மீன்குழம்பு மணந்தது.

சுற்றிக் காட்டிய பெண் மூங்கில் ஜன்னலருகே நின்று, "அங்கிள், இவிடெயாணு சாக்கு அடுக்குந்நது" என்றாள். சாக்கு அடுக்கும் இடமாம்.

"யாரு சொன்னா மோளே? காத்து வாற இடம் பெண்டாட்டிக்கு. சாக்கெல்லாம் முன்னால."

"ஆன்ட்டி வந்நில்லே?"

"பிணங்ஙிப் போயி."

அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. நம் வள்ளக்காரன் ஒருநாள், "அம்மை பிணங்ஙி" என்றானே. அம்மா கோபித்துக்கொண்டாள் என்றுதான் அவன் சொன்னான். உனக்குப் பிணம் என்று கேட்டு, அவனைக் கட்டிப்பிடிக்காத குறையாக அழுதாய்.

ஆரியசாலை வீட்டுக்குத் திரும்பிக் கதவைத் திறந்ததும் மிளகாய் நெடி முகத்தில் அடித்தது. அந்த ஒடுங்கிய வள்ளத்தில்கூட உன் பக்கம் ஒரு சாக்கு வந்ததில்லை.

இன்று காலை மூட்டைகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டேன். அறையை நானே கழுவினேன். நெடி இன்னும் போகவில்லை. வா, இரண்டு பேருமாகத் தும்மலாம்.

நஷ்டத்துக்கு விற்ற
உன் வீட்டுக்காரன்