கை எடுத்த பிறகும் ஓடும் மோட்டார்

எப்போது கூப்பிட்டாலும் "இன்னாம்மா?" என்று திரும்பிப் பார்க்கும் என் அண்ணனுக்கு,

இன்று காலை கரையில் நின்று உன்னைத் திட்டினேன். வாய்விட்டுத்தான். மீன்கூடையோடு வந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். உன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வந்த கையோடு திட்டினேன். ஏன் என்று கேட்கமாட்டாயா?

சுனாமி நம் கட்டுமரத்தையும் வலையையும் கொண்டுபோன பிறகு, நீயும் என் வீட்டுக்காரரும் கடலோர ஓட்டலில் படகோட்டிகளாகச் சேர்ந்தீர்கள். ஆளுக்கொரு படகு. கடலிலிருந்து கரைக்கோயிலைப் பார்க்க ஆசைப்படும் விருந்தாளிகளை ஏற்றிப் போகிற வேலை. மோட்டார் இரண்டும் புதுசு. கார்புரேட்டர் கிடையாது, எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று உள்ளே ஒரு சின்ன கம்ப்யூட்டரே கணக்குப் பார்த்து ஊற்றும். "இதுக்கு மூள கீதும்மா, உன் வூட்டுக்காரனுக்குத்தான் இல்ல" என்று அவரை வைத்துக்கொண்டே கிண்டல் செய்வாய். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

நீ போன நாளில் விருந்தாளிகள் யாரும் இல்லை. தனியாகப் படகை அலை தாண்டிக் கொண்டுபோய், மோட்டாரை நியூட்ரலில் விட்டு, எழுந்து நின்று கயிற்றைச் சுருட்டினாய். எப்போதும் உட்கார்ந்துதான் கியர் போடுவாய். அன்று நின்றபடியே போட்டாய். படகு துள்ளியது, நீ பின்பக்கமாகத் தண்ணீரில் விழுந்தாய். முறுக்கும் கைப்பிடியை விட்டால் படகு மெல்ல ஊர்ந்திருக்க வேண்டும். ஊரவில்லை. ஆளில்லாமல் வேகமாக வட்டமடித்து நீ கிடந்த இடத்துக்கே திரும்பி வந்தது. அதற்கு மேல் எழுத என்னால் ஆகாது.

நீ ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கிவிட்டதாக ஓட்டல் மேனேஜர் சொன்னார். குடித்திருந்ததாகத் தெருவில் சொன்னார்கள். நீ குடிக்காதவன் என்று நான் வாதாடமாட்டேன். கடலில் இறங்கும் நாளில் நீ தொட்டதில்லை, அது எனக்குத் தெரியும். நீந்திப் போய்ப் படகில் ஏறி மோட்டாரை நிறுத்தியது என் வீட்டுக்காரர்தான். கைப்பிடி முறுக்காமல் முழுக்க மூடித்தான் இருந்தது என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். தங்கை புருஷன் சொன்னால் யார் நம்புவார்கள்?

நான் விடவில்லை. மேனேஜர் அறை வாசலில் போய்ப் போய் நின்றேன். தொல்லை தாங்காமல் சென்னையிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். டிரம்மில் தண்ணீர் நிரப்பி, உன் மோட்டாரை அதில் மாட்டி ஓடவிட்டார்கள். கையை எடுத்த பிறகும் அது கத்திக்கொண்டே இருந்தது. மெக்கானிக் ஆக்சிலேட்டர் கேபிளைக் கழற்றிப் பார்த்தார், சத்தம் இறங்கவில்லை. காற்று போகும் ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று எதையோ பீய்ச்சிப் பார்த்தார், வெடிப்பில்லை. கம்ப்யூட்டரில் வயரைச் சொருகிப் பார்த்தார், சென்சார் எல்லாம் ஒழுங்கு. எங்கேயாவது உடைந்திரு, உடைந்திரு என்று அந்த இரும்பைக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

கடைசியில் டார்ச் அடித்து, காற்றை அடைக்கும் தகட்டின் ஓரத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூவைக் காட்டினார்.

"இத தொடக்கூடாதுன்னு கம்பெனி வெச்ச பெயிண்ட் சீல் ஒடஞ்சி கீது. யாரோ திருகி ஐடிலிங்க, அதான் கைய எடுத்தா ஓடுற வேகத்த, ஏத்திக்கிறாங்க. பழைய எஞ்சின்ல செய்யலாம். இதுல இத தொட்டா, கைப்பிடி மூடிக்கீதுன்னே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அது வேகத்த எறக்கவே எறக்காது."

யார் திருகியது என்று மேனேஜர் கேட்டார். நானும் என் வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நம் கரையில் புது மோட்டார் வந்தால் பூஜை போட்ட சூட்டோடு ஐடிலிங்கை ஏற்றிவிடுவார்கள். அலை முறிகிற இடத்தில் எஞ்சின் நின்றுபோனால் படகு குறுக்கே திரும்பிக் கவிழ்ந்துவிடும் என்கிற பயம். அப்பாவின் மண்ணெண்ணெய் மோட்டாருக்கு நீதான் ஏற்றினாய். குப்பத்தில் பாதிப் பேர் அதற்கு உன்னைத்தான் கூப்பிடுவார்கள். இதில் மட்டும் வேறு யார் கை வைத்திருப்பார்கள், அண்ணா?

உன் பெயரைக் காப்பாற்றத்தான் போனேன். நீ குடிக்கவில்லை, முறுக்கவில்லை என்று இப்போது ஊருக்கே தெரியும். ஆனால் அண்ணி என்னோடு பேசுவதை விட்டுவிட்டார். "செத்தவரு மேலயே பழிய போட்டுட்டு வந்துக்கிறியே, நீ கூடப்பொறந்தவளா?" என்று கேட்டதுதான் கடைசி.

என் வீட்டுக்காரர் மோட்டாரும் அதே போல ஏற்றித்தான் இருந்தது. மெக்கானிக் இரண்டு மோட்டாரையும் சரியான அளவுக்கு இறக்கி வைத்துவிட்டுப் போனார். எனக்குப் பாதி உயிர் வந்தது. இன்று காலை என் வீட்டுக்காரர் படகைத் தண்ணீரில் தள்ளி மோட்டாரைப் போட்டார். அதே கத்தல். ஓடிப்போய்ப் படகைப் பிடித்துக்கொண்டேன்.

"யாரு ஏத்தனது?"

"நான்தான். அலையில நின்னுட்சின்னா இன்னா பண்றது? அந்த மெக்கானிக்கா வந்து தள்ளுவான்?"

"அதாலதான எங்கண்ணன் செத்துச்சி?"

"மச்சான் வெச்ச அளவு அது. அவரு வெச்சா சரியாத்தான் இருக்கும். கைய எடு."

அவர் கண் கலங்கியிருந்தது. என் கையை விலக்கிவிட்டுப் போய்விட்டார். அப்போதுதான் உன்னைத் திட்டினேன். உன்மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். அந்தப் பிரியமே அவரையும் கொண்டுபோய்விடுமோ, அண்ணா?

இன்றைக்குத் திரும்பி வந்துவிட்டார். சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். மெக்கானிக் இறக்கியபோது நானும் குனிந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மோட்டார் மூடியைக் கழற்றுவதும், எந்த ஸ்க்ரூ, எந்தப் பக்கம் என்பதும் எனக்குத் தெரியும். ஸ்க்ரூடிரைவர் கேட்டு உன் வீட்டுக்குப் போனேன். எதற்கு என்று சொன்னேன். அண்ணி உள்ளே போய் உன் டூல் பெட்டியைத் திறந்து, தேடி எடுத்து வந்து என் கையில் வைத்தார்.

இதை முடித்துவிட்டுக் கரைக்குப் போகிறேன். அவர் ஏற்றினால் நான் இறக்குவேன். மறுபடி ஏற்றினால் மறுபடி இறக்குவேன். நீ வைத்த அளவை அழிக்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. உன் மாப்பிள்ளையை உன்னிடம் அனுப்பமாட்டேன், அண்ணா. இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்தான்,
வசந்தா